ஈஸல் என்றால் கழுதை: முதல் ஓவியத் தாங்கி வாங்குபவருக்கு

முதல் ஈஸலை வீட்டுக்குள் தூக்கி வந்தபோது திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா அது?"

"ஈஸல், அப்பத்தா."

"ஈசலா? றெக்கையக் காணோம். மூணு காலுல்ல இருக்கு?"

மழை விட்ட இரவில் விளக்கைச் சுற்றுமே, அதுதான் அவருக்குத் தெரிந்த ஈசல். பொரியரிசியோடு சேர்த்து வறுத்தால் எப்படி மணக்கும் என்பது வரை சொல்வார். பிரித்து நிறுத்திக் காட்டினேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அட, பள்ளிக்கூடத்துல போர்டு வைக்கிற ஸ்டாண்டு" என்றார். எந்த அகராதியும் இதைவிடச் சுருக்கமாகப் பொருள் சொல்லிவிட முடியாது.

சுவரில் கரும்பலகை பதிக்காத காலத்துப் பள்ளிகளிலும் மரத்தடி வகுப்புகளிலும் அந்த மரச்சட்டம் நின்றிருக்கும். முன்னால் இரண்டு கால், பின்னால் ஊன்றிக்கொள்ள ஒரு கால். முன்கால்களில் வரிசையாகத் துளைகள், துளைக்குள் இரண்டு முளை, முளைமேல் பலகை. பலகைக்குப் பதிலாகக் கேன்வாஸோ காகிதம் ஒட்டிய அட்டையோ ஏறினால் அதுவே ஓவியரின் ஈஸல்.

தமிழில் 'ஓவியத் தாங்கி' என்று எழுதலாம். தலைச்சுமையை இறக்கி வைக்க வழியோரம் நட்டிருப்பார்களே சுமைதாங்கிக் கல், அதற்கு உறவுக்காரச் சொல். கடையில் போய் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள். 'ஈஸல்' அல்லது 'பெயின்டிங் ஸ்டாண்டு' என்றால் எடுத்துத் தருவார்கள். எழுத்தில் நான் பூச்சிக்கு 'ச', தாங்கிக்கு 'ஸ' என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கிரந்த எழுத்து பிடிக்காதவர்கள் தாங்கி என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

பெயருக்குள் ஒரு கழுதை

ஈஸல் என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியின் 'ஏஸல்' என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கழுதை என்று பொருள். லத்தீனில் கழுதைக்கு 'அசினுஸ்'. அந்த வேரிலிருந்து ஜெர்மானிய மொழிகளுக்குள் நுழைந்த சொல் அது. முதுகில் எதை ஏற்றினாலும் பேசாமல் நிற்கும் பிராணி என்பதால், படத்தைச் சுமக்கும் மரச்சட்டத்துக்கும் டச்சுக்காரர்கள் அதே பெயரை வைத்தார்கள். இன்றும் ஓவியத் தாங்கியை 'ஓவியன் கழுதை' என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் போய்ச் சொல் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் படம் வாங்கியவர்கள் அரசர்களும் தேவாலயங்களும் மட்டுமல்லர், வணிகர்களும் கைத்தொழில்காரர்களும்கூட. சுவரிலேயே தீட்டிய படத்தைச் சந்தையில் விற்க முடியாது. தூக்கிப் போகிற படம் வேண்டும். தூக்கிப் போகிற படத்தைத் தீட்ட ஒரு தாங்கி வேண்டும். அந்தக் காலக்கட்டத்தை ஒட்டி ஈஸல் மட்டுமா போனது? லேண்ட்ஸ்கேப், ஸ்கெட்ச், எட்சிங் (உலோகத் தகட்டை அரித்து எடுக்கும் அச்சோவியம்) எல்லாமே டச்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தவை. ஒரு பட்டறையையே அள்ளிக்கொண்டு போனது போல.

அதே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? துட்டு, கக்கூசு, ஈழத்தில் கந்தோர். ஓவியப் பட்டறைச் சொல் ஒன்றுகூட நம் பக்கம் ஒதுங்கவில்லை. ஈஸல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் நம்மிடம் வந்தது.

மற்ற மொழிக்காரர்களும் இந்தத் தாங்கியில் ஒரு மிருகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சில் 'ஷெவலே', இத்தாலியனில் 'கவலெத்தோ', ஸ்பானிஷில் 'கபயேத்தே'. மூன்றுமே குதிரையிலிருந்து வந்தவை. பிரெஞ்சில் வயலினின் தந்திகளைத் தாங்கும் சிறு பாலத்துக்கும் ஷெவலே என்றே பெயர். நம் வீணையில் அந்த இடத்தில் இருப்பதை என்ன சொல்கிறோம்? குதிரை. இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து பேசிக்கொண்டு வைத்த பெயர்கள் அல்ல. பளுவைத் தாங்கிக்கொண்டு காலை அகட்டி நிற்கும் மரத்துண்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

ஓவியக் கல்லூரிகளில் இன்னொரு பொருள் உண்டு: குதிரையேறுவது போல இருபுறமும் கால்போட்டு உட்காரும் தாழ்வான பெஞ்சு, அதன் முனையில் பலகையைச் சாய்த்துக்கொள்ள ஒரு தடுப்பு. அதை 'டாங்கி' என்பார்கள். டச்சுக் கழுதையை மறந்துவிட்டு ஆங்கிலக் கழுதையைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பெயர்க்கதை வெறும் சுவாரஸ்யத்துக்காக அல்ல. புதிதாக ஈஸல் வாங்குபவர்கள் நாற்காலி வாங்குவது போல, அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். கழுதை வாங்குவது போல வாங்க வேண்டும். எவ்வளவு சுமக்கும், எங்கே நிற்கும், முரண்டு பிடிக்குமா என்ற மூன்றும்தான் கேள்வி.

முதல் படி: என்ன சுமை என்று முடிவு செய்யுங்கள்

பென்சில் ஓவியம் பழகுகிறீர்களா? இப்போதைக்கு ஈஸல் வேண்டாம். ஒரு பரீட்சை அட்டையும் மடியும் போதும். வாட்டர் கலரா? நிமிர்ந்து நிற்கும் தாளில் நீர்வண்ணம் கண்ணீர் போல வழியும். பலகையை மேசைமேல் வைத்து, தலைப்பக்கத்துக்கு அடியில் இரண்டு புத்தகங்களைச் செருகினால் கிடைக்கும் சாய்வே அதற்குச் சரி. தஞ்சாவூர் ஓவியம் கற்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். சுண்ணப்பசை மேடு கட்டுவதும் கல் பதிப்பதும் தங்கத்தாள் ஒட்டுவதும் படுக்கைவாட்டத்தில் செய்கிற வேலை. நிறுத்தி வைத்தால் ஈரப்பசை கீழே இறங்கிவிடும்.

அக்ரிலிக், ஆயில் பெயின்ட், கரித்துண்டு, பெரிய தாளில் உருவப்பயிற்சி ஆகியவற்றுக்குத்தான் ஈஸல் அவசியம். மேசையில் படுக்கப்போட்டு வரைந்தால் தாளின் மேற்பகுதி கண்ணுக்குத் தூரமாகவும் கீழ்ப்பகுதி பக்கமாகவும் இருக்கும். குனிந்து பார்க்கும்போது சரியாகத் தெரிந்த முகம், நிமிர்த்தினால் நெற்றி நீண்டு நிற்கும். படம் நேராக நின்றால் இந்த ஏமாற்று இல்லை. எழுந்து பின்னால் போய்ப் பார்க்கவும் முடியும்.

அடுத்த ஓராண்டில் நீங்கள் தீட்டப்போகும் மிகப் பெரிய கேன்வாஸின் உயரம் என்ன? அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான புதியவர்களுக்கு 24 இன்ச்சைத் தாண்டாது. ஆறடி ஈஸலைக் கண்டு மயங்காமலிருக்க அந்தத் துண்டுச்சீட்டு உதவும்.

இரண்டாம் படி: எங்கே நிற்கும்?

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். ஈஸல் கெட்டால் பரண். பெரிய ஈஸலை வாங்கி, ஒவ்வொரு நாளும் மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளவேண்டி வந்தால், மூன்றாம் வாரம் அது பரணுக்குப் போய்விடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் முதல் ஈஸல் பரணில் இரண்டு வருடம் இருந்தது. விரித்தபடியே விட்டுவைக்க நாலடிக்கு நாலடி இடம் இருக்கிறதா, எதிரே ஐந்தாறு அடி பின்வாங்கி நிற்க முடியுமா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

இடம் இல்லை என்றால் மேசை ஈஸல். அதைத் தரையில் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தும் தீட்டலாம். பழைய கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை வீட்டில் இருந்தால் அதுகூட வேண்டாம்.

இடம் இருக்கிறது, ஆனால் சில நாள் மடக்க வேண்டியிருக்கும் என்றால் 'ஏ' வடிவ மூன்று கால் மர ஈஸல். புதியவருக்கு என் பரிந்துரை இதுதான். தரை எப்படிக் கோணலாக இருந்தாலும் மூன்று கால் ஆடாது. நான்கு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். அடுப்புக்கு மூன்று கல் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தனி அறையே இருந்தால், கேன்வாஸைக் கீழும் மேலும் கவ்விப்பிடிக்கும் 'எச்' வடிவ ஸ்டூடியோ ஈஸல். கனம் அதிகம், வாழ்நாளுக்கு வரும். மெல்லிய அலுமினிய மடக்கு ஈஸல் பையில் போட்டு எடுத்துப் போக நன்றாக இருக்கும். அழுத்தித் தீட்டினால் பின்வாங்கும். வெளியே போய்த் தீட்டுகிறவர்களுக்கு வண்ணப்பெட்டியும் காலும் சேர்ந்த பிரெஞ்சுப் பெட்டி ஈஸல் உண்டு. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்திருந்த வண்ணம், அதன்பிறகு சட்டைப் பையில் வரத் தொடங்கியது. ஓவியர்கள் கூட்டமாக வயல்வெளிக்குக் கிளம்பியதற்கு அந்தக் குழாய் ஒரு முக்கியக் காரணம். நீங்கள் இப்போதே கிளம்ப வேண்டாம். ஆறு மாதம் வீட்டில் பழகுங்கள்.

மூன்றாம் படி: கடையில் ஆட்டிப் பாருங்கள்

கடைக்காரர் மடக்கி வைத்திருப்பார். விரித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். உங்கள் அளவுக்கு ஒரு கேன்வாஸை அதன்மேல் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு கேன்வாஸின் மேல்மூலையை ஒரு விரலால், பிரஷை அழுத்தும் அளவுக்கு, மெல்லத் தள்ளுங்கள். வலது மூலை, இடது மூலை இரண்டையும். படம் மட்டும் ஆடினால் மேல்பிடி சரியில்லை. சட்டமே ஆடினால் மூட்டு சரியில்லை. மூட்டில் ஆட்டம் இருக்கும் ஈஸல் ஆறு மாதத்தில் கிறீச்சிடும்.

அடுத்து நட்டுகள். காலை நீட்டி முடுக்கும் இடங்களில் இரண்டு சிறகு வைத்த நட்டு இருக்கும். விங் நட் என்பார்கள். அப்பத்தா தேடிய றெக்கை இங்கேதான் இருந்தது. அதன் கீழே வாஷர் இருக்கிறதா? இல்லாவிட்டால் நட்டு மரத்தையே தின்று பள்ளம் பறிக்கும். நட்டு ஓடும் மரை பித்தளையா, மெல்லிய தகரமா என்றும் பாருங்கள். மலிவான ஈஸல்கள் முதலில் சாவது இந்த நட்டில்தான். மரம் பிறகுதான்.

பீச் மரம், ரப்பர் மரம் இரண்டும் பரவாயில்லை. பைன் மரம் இலேசு. முடிச்சு இருக்கும் இடத்தில் உடையும். படம் உட்காரும் அடித்தட்டின் விளிம்பில் சிறு உதடு போன்ற தடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அது இல்லாத தட்டிலிருந்து கேன்வாஸ் வழுக்கி விழும், எப்போதும் வண்ணப்பக்கம் தரையைப் பார்த்துத்தான்.

அடியில் இரண்டு காலையும் இணைக்கும் குறுக்குக்கட்டை பற்றி ஒரு வார்த்தை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறத்தாழ 1628இல் தீட்டிய சிறு படம் ஒன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டறையில் நிற்கும் ஓவியன்; படத்தின் அகலம் ஒரு முழம்கூட இராது. முன்னால் பிரம்மாண்டமாக ஒரு ஈஸல், முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு. தூரத்தில் பொம்மை போல ஓவியன். ஈஸலின் கீழ்க்குறுக்குக்கட்டையை உற்றுப் பார்த்தால் இரண்டு இடங்களில் மரம் தேய்ந்து குழிந்திருக்கும். உட்கார்ந்து தீட்டும்போது இரண்டு பாதங்களையும் அங்கே வைத்து வைத்துத் தேய்ந்த தடம். கட்டை பலமாக இருந்தால் நீங்களும் பாதம் வைப்பீர்கள். பலமில்லாவிட்டால் முதல் மாதமே அது கழன்று வரும். கடையில் ஒரு காலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வெளிச்சமும் உயரமும்

வாங்கி வந்ததும் எங்கே நிறுத்துவது? வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழல் நீங்கள் தீட்டும் இடத்திலேயே விழும். இடது கைக்காரருக்கு நேர்மாறு.

மேல்நாட்டு வழிகாட்டிகள் எல்லாம் வடக்குப் பார்த்த சன்னலைச் சொல்லும். நேர்வெயில் வராது, நாள்முழுக்க ஒரே சீரான ஒளி என்பது காரணம். ஐரோப்பாவில் அது சரி. நமக்கு முக்கால்வாசிதான் சரி. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்ப உச்சியைக் கடந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் வடக்குச் சன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். மே மாதம் தொடங்கிய படத்தில் மதியத்துக்கு மேல் நிறம் ஏன் மாறுகிறது என்று நான் குழம்பியிருக்கிறேன். தீர்வு எளிது: பழைய வெள்ளை வேட்டி ஒன்றைச் சன்னலுக்குக் குறுக்கே கட்டுங்கள். வெயில் வேட்டியில் தங்கிவிடும், ஒளி மட்டும் உள்ளே வரும்.

உயரம் வைப்பதில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். படத்தை ஒருமுறை ஏற்றிவிட்டு, அதன் மேலும் கீழும் தாங்கள் எட்டியும் குனிந்தும் வேலை செய்வார்கள். நகர வேண்டியது படம்தான். எந்த இடத்தைத் தீட்டுகிறீர்களோ அந்த இடம் கண்ணுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வானம் தீட்டும்போது படத்தை இறக்குங்கள், தரை தீட்டும்போது ஏற்றுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1866இல் 'தோட்டத்தில் பெண்கள்' என்ற இரண்டரை மீட்டர் உயரப் படத்தை வெளியில் வைத்துத் தீட்டினார். மேல்பகுதிக்கு ஏணி போட்டு ஏறவில்லை. தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பியில் கட்டி, படத்தைப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டார். பார்வைக்கோணம் மாறக் கூடாது என்ற பிடிவாதம். உங்களிடம் இருப்பது முளையைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகும் வேலை மட்டும்தான், சோம்பேறித்தனம் வேண்டாம்.

சாய்வு: ஆயில், அக்ரிலிக் இரண்டுக்கும் கிட்டத்தட்ட நேராக நிற்கட்டும். ஈர வண்ணம் பளபளத்துக் கண்ணைக் கூசினால் படத்தின் தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் முன்னால் சாய்க்க முடிகிறதா என்று பாருங்கள். பளபளப்பும் போகும், தூசும் படியாது. ஆனால் முன்சாய்த்த படத்தை மேலே பிடி போட்டுக் கவ்வியே ஆக வேண்டும்.

கை நீட்டினால் பிரஷின் நுனி படத்தைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். பிரஷை நுனிக்குப் பக்கத்தில் பேனா போலப் பிடிக்காமல், பின்னால் தள்ளிப் பிடியுங்கள். தோளிலிருந்து கோடு வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆறடி பின்னால் போய்ப் பாருங்கள். நிற்கிற ஈஸல் வாங்கியதே இதற்காகத்தான்.

ஐந்தாம் படி: காற்றில் கட்டிப்போடுங்கள்

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது கேன்வாஸ் எந்த மூலை? விரித்த கேன்வாஸ் என்பது பாய்மரப் பாய்தான். மொட்டை மாடியில் ஒரு மாலை, தேநீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் என் ஈஸல் சத்தமில்லாமல் பின்னோக்கிப் போய், கைப்பிடிச் சுவரில் மோதி, படத்தின் நடுவில் கம்பி குத்தி நின்றது. அன்றிலிருந்து செங்கல் இரண்டு போட்ட மஞ்சப்பை ஒன்று ஈஸலின் வயிற்றில் எப்போதும் தொங்குகிறது. மூன்று காலும் சேரும் உச்சியிலிருந்து கயிறு விட்டு, தரையைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். பின்காலைக் காற்று போகும் திசையில் ஊன்றுங்கள்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ இதே தொல்லையைப் பட்டிருக்கிறார். தென் பிரான்சில் ஆர்ல் நகரில் 'மிஸ்ட்ரல்' என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும். ஈஸலின் கால்களை மண்ணில் அழுத்தி ஊன்றி, பக்கத்தில் அரை மீட்டர் நீள இரும்பு முளையை அடித்து, எல்லாவற்றையும் கயிற்றால் பிணைத்துவிட்டால் காற்றிலும் வேலை செய்யலாம் என்று 1888இல் அங்கிருந்து கடிதம் எழுதினார். முளை அடித்துக் கயிற்றில் கட்டுவது! அவருடைய தாய்மொழியில் அதன் பெயரே கழுதைதான், வேறெப்படிக் கட்டுவார்?

ஆசாரியிடம் செய்து வாங்குவதானால்

கடை ஈஸலைவிட இது உறுதியாக அமையும். இரண்டு இன்ச்சுக்கு ஒரு இன்ச் ரீப்பர் கட்டை, நன்றாகக் காய்ந்தது. முன்கால் இரண்டு, ஆறடி. பின்கால் ஒன்று, ஐந்தரை அடி. முன்கால்கள் உச்சியில் ஆறு இன்ச் இடைவெளியும் அடியில் இரண்டரை அடி இடைவெளியும் விட்டு விரியட்டும். உச்சியில் ஒரு குறுக்குக்கட்டை, தரையிலிருந்து ஓரடியில் இன்னொன்று. பின்காலை உச்சிக் குறுக்குக்கட்டையில் கீல் போட்டு மாட்டுங்கள். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ. பின்காலுக்கும் கீழ்க்குறுக்குக்கட்டைக்கும் நடுவில் ஒரு சங்கிலி. அது இல்லாவிட்டால் பின்கால் வழுக்கிக்கொண்டே போய் எல்லாம் தரையில் படுத்துவிடும்.

முளைக்கான துளைகள் இரண்டடி உயரத்திலிருந்து நாலடி வரை மூன்று இன்ச்சுக்கு ஒன்று. சட்டம் கூட்டிய பிறகு துளை போட விடாதீர்கள். கூட்டுவதற்கு முன்பே இரண்டு முன்கால்களையும் முகத்தோடு முகம் சேர்த்து இறுகக் கட்டி, ஒரே ஓட்டில் இரண்டையும் துளைக்கச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் அரை இன்ச் பிசகும், படம் எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷோ ஆளி விதை எண்ணெயோ பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். ஆளி விதை எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப் போட்ட பிறகு எறியுங்கள்.

வேறு எங்கெல்லாம் இந்தச் சொல் வரும்

கல்யாண மண்டப வாசலில் மணமக்கள் படத்தோடு வரவேற்புப் பலகை ஒன்று சாய்ந்து நிற்கிறதே, அந்தத் தாங்கியும் ஈஸல்தான், காட்சிக்கு வைப்பது. தீட்டுவதற்கு அது உதவாது, தொட்டால் விழும். அலுவலகக் கூட்டத்தில் பெரிய தாள்களைப் புரட்டி எழுதும் சட்டமும் ஈஸல் வகை. பழைய புகைப்பட இருட்டறையில் பெரிதாக்கும் கருவிக்குக் கீழே தாளைத் தட்டையாகப் பிடித்துவைக்கும் சட்டத்துக்கும் ஈஸல் என்றே பெயர். அது நிற்பதில்லை, படுத்துக் கிடக்கும். கலைவரலாற்று நூல்களில் 'ஈஸல் ஓவியம்' என்று வந்தால் ஈஸலைப் பற்றிய ஓவியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரோவியம் போல ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்காமல், தனியாகத் தீட்டி எங்கும் எடுத்துப்போகும் படம் என்று பொருள். அஜந்தாவில் இருப்பது சுவரோவியம், ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியம் ஈஸல் ஓவியம்.

பராமரிப்பு

நட்டுகளில் மாதம் ஒருமுறை ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். மழைக்காலத்தில் மரம் ஊதி, இழுக்கிற பாகம் சிக்கிக்கொண்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். மெழுகுவத்தியை அந்த ஓரத்தில் தேய்த்தால் வழிவிடும். தட்டில் காய்ந்த வண்ணத்தை அவ்வப்போது சுரண்டிவிடுங்கள். ஈரம் ஏறும் சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. கறையான் சுவர்வழி வந்து காலில் ஏறும். மழையிரவில் பறக்கிற ஈசல் வேறொன்றுமில்லை, றெக்கை முளைத்த கறையான்தான். றெக்கையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதுக்குடும்பம் தொடங்கும். உங்கள் வீட்டு மரம் அதன் பலசரக்குக் கடை.

ஐப்பசி மழை விட்ட ஒரு மாலை, தாழ்வாரத்து விளக்கடியில் ஈர ஆயில் படத்தோடு ஈஸலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது விளக்கைச் சுற்றி ஈசல் கூட்டம். படத்தின் வானம் முழுக்க நூற்றுக்கணக்கில் கண்ணாடிச் சிறகுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கப் போய், நீலத்தை இழுத்து நாசமாக்கினேன். அப்படிச் செய்யாதீர்கள். விளக்கை அணைத்து, படத்தை உள்ளே கொண்டுபோய், வண்ணம் முழுக்கக் காய்கிற வரை தொடாமல் விடுங்கள். பிறகு இடுக்கியால் எடுத்தால் சிறகு மட்டும் வரும்.

அப்பத்தா முறத்தோடு விளக்கடிக்கு வந்தவர் படத்தைப் பார்த்தார். "இப்பத்தான்யா இதுக்கு றெக்கை மொளச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தரையில் உதிர்ந்து கிடந்ததை அள்ள உட்கார்ந்தார்.